அழுத்தினால் பதில் வேண்டும்: தெருவையும் திரையையும் வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாலைகளுக்கும் சிக்னல்களுக்கும் வரைபடம் போடும் பொறியாளர்களுக்கும், பொதுச் சேவைகளுக்கும் கட்டண ஆப்களுக்கும் திரை வடிவமைக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதுகிறேன். நீங்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒருவருடைய வேலை தாரிலும் கான்கிரீட்டிலும், இன்னொருவருடையது கண்ணாடித் திரையில். ஆனால் என் அம்மாவுக்கு நீங்கள் எல்லோரும் ஒரே ஆள்தான். அது எப்படி என்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. போன மாதம் ஒரு காலையில் காய்கறி வாங்க அவருடன் போயிருந்தேன். சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் கம்பத்தில் ஒரு பெட்டி, அதில் ஒரு பொத்தான், மேலே நடக்கிற மனிதனின் படம். அம்மா அழுத்தினார். விளக்கு எரியவில்லை, சத்தம் இல்லை. பொத்தான் உள்ளே போனதா என்பதுகூட விரலுக்குத் தெரியவில்லை. மறுபடி அழுத்தினார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அழுத்திட்டேன். அதுக்குத் தெரிஞ்சுதா?"

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு கட்டணத்தைப் போனில் கட்ட உட்கார்ந்தார். 'செலுத்து' என்பதை அழுத்தினார். வட்டம் சுற்றியது, நின்றது, திரை வெள்ளையாகிவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தார், மறுபடி அழுத்தினார். பணம் இரண்டு முறை போய்விட்டது. ஒரு முறைக்கான பணம் திரும்பி வர 11 நாள் ஆயிற்று. அந்த 11 நாளும் அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு இதெல்லாம் வராது" என்று.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. நான் 12 வருடமாகத் திரை வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். அம்மாவின் விரல் காலையிலும் மாலையிலும் ஒரே வேலையைத்தான் செய்தது. இரண்டு இடத்திலும் பதில் வரவில்லை. பதில் சொல்லாத பொருளைச் செய்தது நம்மில் ஒருவர். குற்ற உணர்ச்சி மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தத் தொழிலுக்கு 'இன்டராக்‌ஷன் டிசைன்' என்ற பெயர் 1980களில் வந்தது. பில் மாக்ரிட்ஜ் என்ற வடிவமைப்பாளர், 1982இல் சந்தைக்கு வந்த 'கிரிட் காம்பஸ்' என்ற மடிக்கணினியின் உடலை வடிவமைத்தவர். கீல், மூடி, விசைப்பலகை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார். அதைத் தானே பயன்படுத்த உட்கார்ந்தபோது சில நிமிடங்களில் அந்த உடலை மறந்து, திரைக்குள் இருக்கும் மென்பொருளோடு மல்லுக்கட்டுவதிலேயே மூழ்கிவிட்டார். நாம் வடிவமைக்க வேண்டியது இந்த உறவையும் சேர்த்துத்தான் என்று அவருக்கு அங்கே புரிந்தது. அவரும் பில் வெர்பிளாங்க் என்பவரும் சேர்ந்து இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். தமிழில் ஊடாட்ட வடிவமைப்பு என்கிறோம். வெர்பிளாங்க் தன் மாணவர்களுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லித் தருவார்: ஒருவர் இதில் எப்படிச் செய்கிறார், எப்படி உணர்கிறார், எப்படி அறிகிறார். இதில் கணினி என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். சாலையோரப் பொத்தானிடமும் இதே மூன்றைக் கேட்கலாம்.

நமக்கு இது புதிதும் இல்லை. பழைய பேருந்துகளில் கண்டக்டரின் கயிற்று மணி நினைவிருக்கிறதா? ஒற்றை மணி அடித்தால் நில், இரட்டை மணி அடித்தால் போ. கயிறு போய் இப்போது விசில் வந்திருக்கிறது, கணக்கு அதேதான். ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவே வேண்டாம், கண் சாலையில் இருக்கும், காது கண்டக்டரிடம் இருக்கும். மணி அடித்த அடுத்த நொடி வண்டி அசையும், அந்த அசைவுதான் கண்டக்டருக்குப் பதில். "போலாம் ரைட்" என்பதையும் "ஹோல்டான்" என்பதையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது, முதல் அசையிலேயே இரண்டும் வேறு வேறு. கூட்டம் பிதுங்கும் வண்டியில் இத்தனை வருடம் இது வேலை செய்திருக்கிறது. நான் படித்த எந்தப் பாடத்தையும்விட இதை மதிக்கிறேன்.

வாக்குச்சாவடியையும் நினைத்துப் பாருங்கள். 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள். எழுத்து தெரியாதவரும் தனக்கு வேண்டிய சின்னத்தின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். அப்புறம் வந்த மின்னணு இயந்திரம் 1982இல் கேரளத்தின் பறவூரில் முதலில் பயன்பட்டது. அதில் நீலப் பொத்தானை அழுத்தினால் சின்னத்துக்கு அருகில் சிவப்பு விளக்கு எரியும், அறை முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு நீண்ட பீப் வரும். இப்போது பக்கத்துப் பெட்டியில் 7 விநாடிக்குச் சீட்டும் தெரிகிறது. அம்மா அந்த இயந்திரத்திடம் ஒருநாளும் "அதுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டதில்லை. அந்த இயந்திரத்தைப் பற்றி வேறு விவாதங்கள் இருக்கின்றன, அவை வேறு இடத்துக்கு. நான் சொல்ல வருவது இதுதான்: கோடிக்கணக்கானவர்கள் படிக்காமலே, பழகாமலே பயன்படுத்தும் ஒன்றை இந்த நாட்டில் செய்ய முடிந்திருக்கிறது. அதனால் "நம்ம ஊரில் இதெல்லாம் நடக்காது" என்று யார் சொன்னாலும் நான் ஏற்பதில்லை.

சாலைப் பொறியாளர்களே, முதலில் உங்களிடம் ஒரு கணக்கு. பச்சை மனிதன் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்குப் பல நாடுகளில் நெடுங்காலம் எடுத்துக்கொண்ட நடைவேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். 18 மீட்டர் அகலச் சாலை என்றால் 15 விநாடி. அம்மாவின் நடையை வீட்டு மாடியில் அளந்து பார்த்தேன், விநாடிக்கு 0.8 மீட்டர். கையில் காய்கறிப் பை இல்லாமல் இது. அவருக்கு அதே சாலையைக் கடக்க இருபத்திரண்டரை விநாடி வேண்டும். பச்சை அணையும்போது அவர் 12 மீட்டர்தான் வந்திருப்பார். மிச்சம் 6 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு வழித்தட அகலம், உறுமிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு முன்னால். அவர் ஓடப் பார்ப்பார். முழங்கால் தேய்ந்தவர் ஓடினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 2009இல் தங்கள் விதியை மாற்றினார்கள், விநாடிக்கு 4 அடி என்றிருந்த கணக்கை மூன்றரை அடியாகக் குறைத்தார்கள். சிங்கப்பூர் அதே ஆண்டு வேறு வழியைச் சோதித்தது. அங்கே முதியவர்களுக்குப் பேருந்துச் சலுகை அட்டை உண்டு. அதைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை கூடுதலாக எரியும், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை. எல்லா நேரமும் எல்லோருக்கும் நீட்டாமல், தேவைப்படுகிறவர் வந்தால் மட்டும் நீள்கிறது. கம்பம் ஒருவரைப் பார்த்து, "நீங்கள் மெதுவாக நடப்பவர், சரி, காத்திருக்கிறேன்" என்று சொல்வது போன்ற ஏற்பாடு. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது.

ஏழு விநாடி கூட்டினால் வண்டிகள் தேங்கும் என்பீர்கள். உண்மைதான். அப்படியென்றால் நடுவில், மீடியனில், ஒரு சக்கர நாற்காலி நிற்கிற அகலத்துக்கு இடம் விட்டு, இரண்டு தவணையில் கடக்க விடுங்கள். அங்கேயும் ஒரு பொத்தான் வையுங்கள். எதைச் செய்தாலும், இப்போதைய 15 விநாடியில் விட்டுக்கொடுப்பது முழுவதும் அம்மாவின் பக்கம்தான் என்பதை மட்டும் மறுக்காதீர்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர்.

நடைபாதையில் பதிக்கும், காலுக்கும் குச்சிக்கும் தட்டுப்படும் மேடுள்ள மஞ்சள் கல் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1965இல் ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர், பார்வை இழந்துகொண்டிருந்த நண்பர் ஒருவருக்காக அதை உருவாக்கினார். 1967இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகத் தெருவில் பதித்தார்கள். அதில் இரண்டே எழுத்து. நீளக் கோடு என்றால் இந்தத் திசையில் போ. புள்ளி என்றால் நில், கவனி. தமிழ் படித்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி செய்கிற வேலையும் அதுதான், உயிரோசையை அங்கே நிறுத்துகிறது.

பார்வையற்ற நண்பர் ஒருவருடன் புதிதாகப் போட்ட நடைபாதை ஒன்றில் நடந்தேன். கோடு போட்ட கல் நேராகப் போய் மின்பெட்டியில் முட்டியது. இன்னோர் இடத்தில் பாதாளச் சாக்கடை மூடியைச் சுற்றி வளைந்து, அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பிக்கவே இல்லை. படி இறங்கும் இடத்தில் புள்ளிக்குப் பதில் கோடு. அதாவது, "விழப்போகிறாய், நில்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "தைரியமாக வா" என்று எழுதியிருக்கிறது. நண்பர் குச்சியை ஊன்றி நின்று சொன்னார்: "எழுத்து தெரியாத ஒருத்தர் அழகுக்காக எழுதின கடிதம் மாதிரி இருக்கு." அந்தக் கல்லுக்குச் செலவு செய்தாயிற்று, ஆள் வைத்துப் பதித்தாயிற்று. பதித்தவருக்கு அது ஒரு மொழி என்று யாரும் சொல்லவில்லை. மேஸ்திரிக்கு அரை மணி நேரம் சொல்லித் தந்திருந்தால் போதும். இதைவிட மலிவான திருத்தம் எனக்குத் தெரியாது.

இனி என் சொந்தத் தொழில்காரர்களிடம். நம் படிவங்களின் கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும்: 'சமர்ப்பி', 'மீட்டமை'. இரண்டும் ஒரே அளவு, பெரும்பாலும் ஒரே நிறம். சமர்ப்பி என்று வீட்டில் யார் பேசுகிறார்கள்? 'அனுப்பு' என்றால் குழந்தைக்கும் புரியும். இரண்டாவது அதைவிட மோசம். மீட்டல் என்றால் நமக்கு அடகு வைத்ததை மீட்பது, தொலைந்ததை மீட்பது. 'மீட்டமை' என்று படிக்கிறவர், ஏதோ விட்டுப்போனது திரும்பி வரும் என்று நம்பி அழுத்துகிறார். அரை மணி நேரம் உட்கார்ந்து நிரப்பிய அத்தனையும் அழிந்துவிடுகிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் பக்கத்தில் இருந்த தமிழை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. நிரப்பியதையெல்லாம் அழிக்கும் பொத்தான் அந்த இடத்தில் யாருக்கு வேண்டும்? எடுத்துவிடுங்கள். உங்கள் அடுத்த வெளியீட்டிலேயே எடுக்கலாம்.

பெயர்க் கட்டமும் அப்படித்தான். 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் நகர முடியாது. நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். சிலர் முதலெழுத்தைப் போடுகிறார்கள், சிலர் அப்பா பெயரை முழுதாக எழுதுகிறார்கள், சிலர் ஒரு புள்ளி வைத்து ஏமாற்றித் தப்பிக்கிறார்கள். அப்புறம் ஓர் ஆவணத்தில் ஒரு பெயர், இன்னோர் ஆவணத்தில் வேறு பெயர். அதைச் சரிசெய்ய ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரே கட்டம், 'உங்கள் முழுப் பெயர்'. இது போதும்.

இதெல்லாம் தெரியாத மக்களுக்காகத்தான் தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ வாங்கிக்கொண்டு படிவத்தை நிரப்பித் தருகிறார். எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் திரை ஏற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். வடிவமைப்பாளர்களே, அடுத்த முறை ஆய்வு செய்யப் போகும்போது அவர் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்காருங்கள். நம் தவறுகளின் முழுப் பட்டியல் அவர் தலைக்குள் இருக்கிறது.

பழியை எங்கே போடுகிறோம் என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. யுபிஐ 2016இல் வந்தது. அதில் பணம் அனுப்பவும் பின் எண், ஒருவர் அனுப்பிய கோரிக்கைக்குச் சம்மதித்துப் பணம் கொடுக்கவும் அதே பின் எண், அதே மாதிரித் திரை. மோசடிக்காரர்கள் போன் செய்து, "உங்களுக்குப் பணம் வருது, பின் போட்டு வாங்கிக்குங்க" என்றார்கள். போட்டார்கள், இழந்தார்கள். பணம் வாங்கப் பின் தேவையில்லை என்று வருடக்கணக்கில் விழிப்புணர்வு செய்தோம். ஏமாந்தவரை விவரம் தெரியாதவர் என்றோம். கடைசியில் 2025 அக்டோபரிலிருந்து தனிநபர் தனிநபரிடம் கோரிக்கை அனுப்பும் அந்த வசதியையே நிறுத்திவிட்டார்கள். திருத்த வேண்டியது திரையை என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. தெருவிலும் இதே பழக்கம்தான். "கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தபோது" என்று செய்தி வரும். கடக்க ஓர் இடம் எத்தனை தூரத்தில் இருந்தது, பச்சை எத்தனை விநாடி எரிந்தது என்று அந்தச் செய்தியில் இருக்காது.

அதே யுபிஐயில் நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கடைகளில் "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று பேசும் பெட்டி. பூக்கட்டும் கை நிற்க வேண்டாம், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். போன் திரையை வாடிக்கையாளர் நீட்டி, கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்த காலம் போயிற்று. வேலை செய்கிற மனிதரின் கை எங்கே இருக்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் செய்த பொருள் அது. சென்னையில் பெண்கள் கட்டணமில்லாமல் போகும் பேருந்துகளுக்கு 2022இல் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்ததும் அப்படித்தான். எந்த வண்டியில் ஏறலாம் என்பது வண்டி வரும்போதே, தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

முதியவர், பார்வையற்றவர் என்று பேசினால் 'சிறு பிரிவினருக்கான கூடுதல் வசதி' என்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளும் வழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் அடையாளம் சரிபார்க்கும்போது, எதிரில் இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறது திரை. ஆசிட் வீச்சில் இமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் அந்த வட்டத்துக்குள் முகத்தை எப்படி வைப்பார்? அவர்கள்தான் வழக்குப் போட்டார்கள். டிஜிட்டல் சேவையை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பு சொன்னது. உயிரோடிருக்கும் ஒருவரைப் பார்த்து 'உயிருள்ளவர் என்று உறுதியாகவில்லை' எனச் சொல்லும் திரையை நம் தொழில்காரர் ஒருவர்தான் வரைந்தார். கெட்ட எண்ணத்தால் இல்லை. வரைந்த நாளில் அந்த மனிதர் அவர் கண்ணெதிரில் இல்லை, அதுதான் காரணம்.

கண்ணெதிரில் வைத்துக்கொண்டு வரைவது முடியாத காரியமும் இல்லை. 2009 மே மாதம் நியூயார்க் நகரம் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையை மறித்து, தற்காலிகமாக மடக்கு நாற்காலிகளைப் போட்டுப் பார்த்தது. மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு அது நிரந்தரமாயிற்று. சென்னை பாண்டி பஜாரிலும் வண்டிகளை நிறுத்தி ஒத்திகை பார்த்த பிறகுதான் 2019இல் அகல நடைபாதை திறந்தது. சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றிருக்கிறது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. ஓர் இடத்தில் செய்ததை எல்லா இடத்திலும் வேலையின் பகுதியாக ஆக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. சாலையைத் தோண்டினால் நான்கு துறைகளின் குழாயும் கம்பியும் குறுக்கே கிடக்கும், டெண்டர் விதியில் ஒத்திகை பார்க்க இடம் இருக்காது, மழைக்கு முன் முடிக்கச் சொல்வார்கள். திரைக்காரர்களுக்கும் வெளியீட்டுத் தேதி முதலில் வரும், வடிவமைப்பு அப்புறம்தான். ஆனாலும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பில் கோடு போட்டு, கூம்பு வைத்து, பார்வையற்ற ஒருவரையும் முதியவர் ஒருவரையும் தள்ளுவண்டிக்காரர் ஒருவரையும் நடக்க வைத்துப் பாருங்கள். அவர்களுடைய ஒரு நாளுக்கு உரிய சம்பளத்தை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். மீடியன் கம்பி எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். வயலில் ஒற்றையடிப் பாதை விழுவதுபோல மக்கள் தங்கள் வழியை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பியை நிமிர்த்தி இன்னும் உயரமாக்குவதற்கு முன், அந்த இடத்தில் ஏன் ஒரு ஜீப்ரா கோடு இல்லை என்று கேளுங்கள். திரைக்காரர்களே, தமிழ் வாசகங்களைக் கடைசி வாரம் மொழிபெயர்ப்புக்கு அனுப்பாதீர்கள். முதல் நாளே தமிழில் எழுதி, சத்தமாக வாசித்து, கேட்கிறவர் என்ன புரிந்துகொண்டார் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா மறுபடி காய்கறி வாங்கக் கிளம்புவார். நானும் போகிறேன். உங்கள் ஊரிலும் அந்த நேரத்தில் யாரோ ஒருவரின் அம்மா ஒரு கம்பத்தின் அருகே நின்றுகொண்டிருப்பார். போனில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு நீங்களும் போங்கள். அவர் அழுத்தியதிலிருந்து அந்தப் பக்கத்துப் படியில் கால் வைக்கிறவரை எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் உங்கள் வரைபடத்தைத் திறந்து, அந்த எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
திரை வரையும் ஒரு பாதசாரி